குப்புறக் கிடந்து கேட்டது

ஜூன் 3, செவ்வாய்

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஞாயிறு மாலை வலது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை விலகிவிட்டதாம். நேற்றே அறுவை சிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் இரவும் பகலும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். படிக்கக் கூடாது.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதம்மா என்றேன்.

ஜூன் 5

கழுத்து வலி. தரையில் எத்தனை வகை எறும்பு!

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் கவிதை வாசிப்புக் கூட்டம் நடக்கும் நாள். பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடி. பிரமிளின் நெடுங்கவிதை ஒன்றோடு பொங்கலிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாகக் கொண்டது. முதலில் ஒருவர் நிறுத்தாமல் வாசிப்பார். பிறகு வரி வரியாகப் பேசுவோம். கவிதையை உரைநடையாக்கிச் சொல்வதற்குத் தடை.

இன்று என்னையும் போனில் சேர்த்துக்கொண்டார்கள். எல்.ஐ.சி. நண்பர் வாசித்தார். கணீரென்ற குரல். ஆனால் ஒரு வரி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவே இல்லை. தாளில் இருந்த வெற்றிடமெல்லாம் குரலில் காணாமல் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 9

எங்கள் கூட்டத்து அக்கா கூப்பிட்டார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "என்ன தம்பி, நேத்து போனை அப்படி வச்சுட்டிய?" என்றார். சொன்னேன். "இவ்வளவுதானா? இருங்க" என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். வரி முடிந்தால் ஒரு தட்டு, பத்தி முடிந்தால் இரண்டு.

சோதித்துப் பார்க்க மகளை 'காவியம்' வாசிக்கச் சொன்னேன். இறகைப் பற்றிய ஆறு வரிக் கவிதை, எனக்கு மனப்பாடம். கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி வாசித்தாள். அதில் ஒரே ஒரு சொல் மட்டும் தனி வரியாக நிற்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே அது தன்னந்தனியாக வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் அதைக் கண்ணால் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 12

அக்கா தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அந்த நெடுங்கவிதையை வாசிக்கிறார். தட்டு விழுவதற்கு முன்னால் ஒரு சொல் மேல் வரியோடு ஒட்டுகிறது. விழுந்த பிறகு அதே சொல் கீழ் வரியைப் பிடித்துக்கொள்கிறது. எது சரி என்று மார்ச் மாதம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். "ரெண்டும்தான். நன்னூல்ல தாப்பிசைப் பொருள்கோள் இருக்கே" என்கிறார் அக்கா. எட்டுப் பொருள்கோளில் ஒன்று அது: நடுவில் நிற்கும் சொல் முன்னும் போய்ப் பொருள் தரும், பின்னும் வந்து பொருள் தரும்.

யாப்பை உதறிவிட்டு வந்த கவிதைக்கு நன்னூலா என்று எல்.ஐ.சி. நண்பர் கொதித்தார். எனக்கு அது தவறாகப் படவில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டே திருகோணமலையிலிருந்து அதற்கு எழுதி அனுப்பிய பிரமிள் என்ற அந்த இருபது வயதுப் பையனும் தமிழின் தொடரமைப்புக்குள் நின்றுதானே அதை முறுக்கினான்?

ஜூன் 15, ஞாயிறு

மச்சான் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "புரியாததை எதுக்கு மாப்ளே படிக்கணும், அதுவும் இந்த நிலைமையில?" என்றார். பதில் சொல்லத் தெம்பில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி போனில் எல்லோரும். இயற்பியல் சார் கணக்குச் சொன்னார். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குவதால்தான் துளிப் பொருளிலிருந்து அத்தனை ஆற்றல். ஹிரோஷிமாவில் ஆற்றலாக மாறிய பொருண்மை ஒரு கிராம்கூட இல்லை. யாரும் பேசவில்லை.

பிறகு ஆராய்ச்சி மாணவத் தம்பி ஆரம்பித்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. பிரமிள் பிறந்தது 1939. "அதை வச்சுக் கவிதையைப் பூட்டிராத" என்று அக்கா அதட்டினார். "பூட்டலை அக்கா. வானத்துல இருந்து வர்ற சாவு அவர் ஊருக்கும் வந்திருக்கு, அவ்வளவுதான் சொல்றேன்." நான் தம்பி பக்கம். கவிதையைத் திறக்க அது சாவியாகாது. ஆனால் அந்தத் தேதி தெரிந்த பிறகு தெரியாததுபோல என்னால் வாசிக்க முடியாது.

ஜூன் 17

கண்ணுக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். கண்ணுக்குள் மொத்த இடமே நாலு மில்லி வாக்கில்தானாம்.

ஜூன் 30

நிமிர்ந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது. வாயு கரையக் கரையப் பார்வையின் மேல்பகுதி தெளிகிறது. அதற்குக் கீழே ஒரு கோடு. தலையை அசைத்தால் தளும்புகிறது. இன்றிலிருந்து நானே எழுதுகிறேன், கோணல்மாணலாக.

ஜூலை 6

ஒன்றும் பிடிக்கவில்லை. அக்காவின் போனையும் எடுக்கவில்லை.

ஜூலை 9

இடது கண்ணால் கொஞ்சம் படிக்க அனுமதி. கவிதையின் ஜெராக்ஸ் தாளை எடுத்தேன். தட்டுகளெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, ஓரிடம் தவிர. அங்கே அக்கா இரண்டு தட்டுத் தட்டியிருந்தார். தாளில் அது பக்கத்தின் கடைசி வரி. பத்தி அங்கே முடிகிறதா, பக்கம் மட்டும் முடிகிறதா?

உடனே சாரைக் கூப்பிட்டேன். பக்கம் மட்டும்தான் முடிகிறது, வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போகிறது என்று ஒரே பிடியாக நிற்கிறார். அக்காவோ மூச்சு அங்கே நின்றுவிடுகிறது என்கிறார். இரண்டு விதமாகவும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். தொடர்ந்து வாசித்தால் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோல இருக்கிறது. நிறுத்தினால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வெற்றிடத்தை நம்பி அந்தப் பக்கமே நிற்கிறது. மத்தியானச் சாப்பாடு மறந்துபோய் மகளிடம் திட்டு.

ஜூலை 13, ஞாயிறு

மாடிப்படி ஏறிவிட்டேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு முழுக்க அந்தப் பக்கக் கடைசிதான். தம்பி அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறான். ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அதில் இடைவெளி இருந்தால்கூட அச்சுக் கோத்தவர் விட்டதாக இருக்கலாம் என்று சார் இப்போதே சொல்லிவைத்துவிட்டார். எல்.ஐ.சி. நண்பர் முதல் முறையாக அக்கா பக்கம் சேர்ந்திருக்கிறார்.

கண் அழுத்தம் கூடியிருக்கிறதாம். சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.