வாங்குகிறவனின் வாய்



நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனம் ஒரு கடைவீதிக் காட்சியை நம் முன் நிறுத்துகிறது. பொருளை வாங்க வந்தவன் அதைப் புரட்டிப் பார்த்துக் குறை கூறுகிறான். விலை இறங்குகிறது. வீடு திரும்பியதும், எவ்வளவு மலிவாக முடித்தேன் என்று தன்னையே மெச்சிக்கொள்கிறான். ஞானி அத்தோடு நிறுத்திவிடுகிறார். தீர்ப்பு எதுவும் கூறவில்லை. அந்த மனிதன் யார் என்பதை வாசிக்கிறவர்களே அறிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார் போலும்.

இந்த வசனத்தைத் திண்டுக்கல்லில் வாழ்கிறவர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. கைவேலையாய்ச் செய்யப்படும் நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தச் சிறப்பு வந்துசேருமுன்பே, அலிகாரிலிருந்து வந்த மலிவான பூட்டுகளோடு போட்டியிட இயலாமல் இத்தொழில் நலிந்துவிட்டது. அரம் பிடித்துக் காய்த்துப்போன கைகளின் கூலி, வாங்குகிறவனுடைய ஒரு சொல்லில் கரைந்துபோவதை இவ்வூர் கண்டிருக்கிறது. "மலிவாக வாங்குவது பாவமா, ஐயா?" என்று சபையின் வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்டார். மலிவாக வாங்குவது பாவமல்ல. ஆனால் விலை பேசும்போது நம் வாய் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது ஆண்டவருடைய சமுகத்தில் கேட்கப்படும் கேள்வி. அண்மையில் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை வாங்க நேர்ந்தபோது, அந்தக் கேள்வியோடு நானும் நிற்க வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டின் முன்னறையில் பாட்டுக் கேட்பதற்கான சாதனம் ஒன்று ஏற்கெனவே உண்டு. பின்னறையில் 86 வயதான என் தாயார் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த நாள்முதல் அவரால் ஆலயத்துக்கு வர இயலவில்லை. ஞாயிறு ஆராதனையைக் கைபேசியில் கேட்கும்படி ஏற்பாடு செய்தோம். கேட்டு முடித்தபின் அவர் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் வருதுப்பா, சொல்லு வரல."

அது வெறும் மூப்பின் முணுமுணுப்பு அல்ல. வயதாகிச் செவி மங்கும்போது உயர்ந்த சுருதிகளே முதலில் மங்குகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யெழுத்துகள் பலவும் உயர்ந்த அதிர்வுகளைச் சார்ந்திருக்கின்றன. ஆகவே முதியவருக்கு ஓசை எட்டும், சொல் பிரியாது. கைபேசியின் சத்தத்தைக் கூட்டினால், அதிலுள்ள மிகச் சிறிய ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கும். அவருக்கு வேண்டியது கூடுதல் சத்தம் அல்ல, தெளிவு. தெளிவாக ஒலிக்கும் பெட்டியைக் கட்டிலின் அருகில் வைத்தால் செவிக்குப் பாதிப் பாரம் குறையும்.

என் தாயார் வானொலியோடு வளர்ந்த விசுவாசி. ஃபேபா நிறுவனம் இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸ் தீவுகளிலிருந்து 1970 முதல் 2003 வரை சிற்றலையில் நற்செய்தியை ஒலிபரப்பிவந்தது. கடலலை போல ஏறி இறங்கும் அந்த ஒலியில் தமிழ்ச் செய்திகளைக் கேட்டு, வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதியவர் அவர். விசுவாசம் கேள்வியினால் வருகிறது என்று பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதியதைத் தம் வாழ்நாளெல்லாம் அனுபவித்த ஒருவருக்கு, கேள்வியே அடைபட்டுப்போவது எத்தகைய தனிமை!

ஆயினும் ஒரு தடை என் மனதில் எழுந்தது. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று யோவான் ஸ்நானகன் கற்பித்ததை லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதைப் பிரசங்கிக்கிறவன் வீட்டில் ஒன்று இருக்க இரண்டாவது எதற்கு? பலநாள் ஜெபத்தோடு சிந்தித்தேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது இரண்டாவது சாதனம். பின்னறையிலிருந்து பார்த்தால் இதுவே முதலாவது. யோவானும் உள்ளவனுடைய அங்கிகளை எண்ணச் சொன்னது, இல்லாதவனைக் காணும்படிக்கு அல்லவா? இல்லாதவர் நம் வீட்டின் மறு அறையிலேயே இருக்கக்கூடும்.

புதிதாய் நல்ல பெட்டிகள் வாங்க ஊழியனுடைய வருமானம் இடங்கொடாது. பழையதில் அதற்கு வழியுண்டு. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைந்து காகிதக் கூம்பைத் தள்ளும் இன்றைய ஒலிபெருக்கியின் வடிவத்தை, செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் இருவர் 1925-இல் விளக்கி வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகளாகியும் அந்த அடிப்படை மாறவில்லை. ஆகையால் நன்றாகச் செய்யப்பட்ட பழைய பெட்டி, பராமரிப்பு இருந்தால் இன்றும் நன்றாகவே பாடும்.

நகரில் வானொலி, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் சபைச் சகோதரர் ஒருவர் எனக்குத் துணையாய் வந்தார். பழைய ஒலிபெருக்கியைச் சோதிக்கும் முறையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் முன்துணியைக் கழற்றவேண்டும். கூம்பை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாய், மெதுவாய் அழுத்தினால் உராய்வுச் சத்தம் வரக்கூடாது. வந்தால் உள்ளே காயில் உரசுகிறது என்று பொருள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் பெட்டியை மல்டிமீட்டரில் பார்த்தால் 6 ஓமுக்கு அருகில் காட்டுவது இயல்பு. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் ஊதியிருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக, நமக்கு நன்கு பழகிய பாட்டைச் சிறு சத்தத்தில், ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே கேட்கவேண்டும். "சத்தமா வச்சா எல்லாப் பெட்டியும் ஏமாத்தும், ஐயா. சின்னச் சத்தத்துலதான் உண்மை தெரியும்" என்றார். அதை ஒரு பிரசங்கத்துக்கென்று மனதில் குறித்துக்கொண்டேன்.

நிலக்கோட்டைக்கு அப்பால், மல்லிகைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது அந்த வீடு. தலைமையாசிரியராய் இருந்து மறைந்த ஒருவருடைய மனைவி எங்களை வரவேற்றார். ஒரு தலைமுறைக்கு முன் பெயர்பெற்று விளங்கிய தேக்குநிறப் பெட்டிகள் இரண்டும் பழைய புடவையால் மூடப்பட்டுச் சுவரோரம் இருந்தன. "பையன் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிட்டான். மூவாயிரம் குடுத்து எடுத்துக்கிடுங்க, ஐயா" என்றார் அந்த அம்மையார்.

சகோதரர் முன்துணியைக் கழற்றித் தொட்டதும், கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் கருந்தூளாய் உதிர்ந்தது. அவ்வகைப் பஞ்சு காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் பத்து, இருபது ஆண்டுகளில் தானே சிதைந்துவிடும், எவரும் கெடுத்ததல்ல. கூம்பும் காந்தமும் சுருளும் பழுதின்றி இருந்தன. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு 2,500 ரூபாய் ஆகும் என்று அவர் என்னிடம் தனியே சொன்னார். சரிசெய்தபின் இந்த ஜோடி எவ்வளவு பெறும் என்று கேட்டேன். பத்தாயிரத்துக்குக் குறையாது என்றார்.

பிரியமானவர்களே, நீதிமொழிகள் காட்டும் மனிதன் நிற்கும் இடம் இதுதான். அந்தக் கருந்தூளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டியிருந்தால் மூவாயிரம் ஆயிரமாய்க் குறைந்திருக்கும். அதில் ஒரு பொய்யும் கலந்திருக்காது. வளையம் உதிர்ந்தது உண்மைதானே? வாங்குகிறவனுடைய தந்திரம் எப்போதும் பொய்யில் நிற்பதில்லை. பாதி உண்மையை உரக்கச் சொல்லி, மறுபாதியைப் பற்றி மௌனமாயிருப்பதே அதற்குப் போதும். விற்றாலும் வாங்கினாலும் ஒருவரையொருவர் வஞ்சிக்கலாகாது என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வஞ்சிக்கக்கூடியவன் வியாபாரி மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். வேதமோ வாங்குகிறவனையும் அதே கட்டளையின்கீழ் நிறுத்துகிறது. விற்கிறவருக்குப் பொருளின் மதிப்பு தெரியாதபோது, அறிந்தவனுடைய மௌனமும் ஒரு தராசுதான்.

ஆகவே இரண்டு பாதியையும் அந்த அம்மையாரிடம் சொன்னேன். வளையம் போய்விட்டது, சரிசெய்ய 2,500 ஆகும். சரிசெய்தால் பத்தாயிரம் பெறும். கழித்துப் பார்த்தால் உங்களுக்குச் சேரவேண்டியது 7,500 என்றேன். அவர் சற்றுநேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "வாங்க வந்தவுகளே வெலய ஏத்திக் கேக்குறீகளே" என்று சிரித்தார். பணத்தை வாங்கிக்கொண்டபின் ஒன்று கேட்டார். "சரி பண்ணினதும் ஒரே ஒரு தடவ இங்கன கொண்டாந்து பாட வச்சுக் காட்டுவீகளா?"

சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையைக் கேட்ட ஆபிரகாமுக்கு, எப்பெரோன் அதை இலவசமாய்த் தர முன்வந்தான். ஆபிரகாமோ 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் தாவீதுக்குச் சும்மா கொடுக்க வந்தபோது, ராஜா 50 சேக்கல் வெள்ளி கொடுத்தே வாங்கினான். விசுவாசிகளின் தகப்பனும் இஸ்ரவேலின் ராஜாவும் குறைந்த விலைக்கு வாங்கிய திறமைக்காக நினைக்கப்படவில்லை. முழு விலை கொடுத்தவர்களாய் நினைக்கப்படுகிறார்கள். துக்கவீட்டுப் பொருளை வாங்கும்போது இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் நினைவில் கொள்வது நல்லது.

இரண்டு வாரங்களில் வேலை முடிந்தது. என்னிடமிருந்த சிறிய ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். ஒயர்களை இணைக்கும்போது சகோதரர் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இருமுறை சரிபார்த்தார். ஒரு பெட்டியில் மாற்றி இணைத்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பெட்டிகள் இரண்டும் பழுதற்றவையாய் இருந்தும் தாழ்ந்த சுருதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்றார். நல்லவர்கள் இருவர் உள்ள குடும்பத்திலும் சபையிலும் இதுவே நிகழ்வதை நாம் அறிவோம்.

அந்த அம்மையார் கேட்டது டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அவருடைய கணவர் மாலைதோறும் கேட்டது அதுதானாம். நாகசுரம் எழுந்தபோது அவர் உட்காரவில்லை. அடுக்களை நிலையைப் பிடித்தபடி, வழக்கமாய் நிற்கும் இடம்போல, முடியும்வரை நின்றார். "அதே சத்தந்தான்" என்றார். பின்பு அவரே பழைய புடவையை எடுத்துவந்து, வழியில் கீறாதபடி பெட்டிகளைச் சுற்றிக்கொடுத்தார்.

இப்போது அவை என் தாயாரின் கட்டிலுக்கு இருபுறமும் இருக்கின்றன. முதல் ஞாயிறன்று பெரிய சத்தம் வைக்கவில்லை. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று ஒலித்தது. தாயாரின் உதடுகள் பாடகரோடு சேர்ந்து அசைந்தன. வேதபாடம் வாசிக்கப்பட்டபோது அவர் கையை உயர்த்தி, "சொல்லு தெரியுது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்கள் சந்தையிலோ, பட்டறையிலோ, ஒரு விதவையின் திண்ணையிலோ எதையாவது வாங்கக்கூடும். பொருளின் குறையை நீங்கள் சொல்லலாம். அதன் மதிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீடு திரும்பியபின் மெச்சிக்கொள்ள உங்களுக்கு ஒன்றும் இல்லாமற்போகலாம். விற்றவருடைய வீட்டில் உங்களைப் பற்றி நன்றியோடு பேசுவார்கள், அது போதும். உங்கள் வீட்டின் பின்னறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சத்தம் எட்டியும் சொல் எட்டாத ஒருவர் அங்கே காத்திருக்கலாம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கையிலுள்ள தராசையும் வாயிலுள்ள சொல்லையும் உமக்கு முன்பாக உண்மையாய் வைத்துக்கொள்ளக் கிருபை தாரும். மௌனத்தினாலும் ஒருவரை வஞ்சியாதபடி எங்களைக் காத்தருளும். கேட்க இயலாமல் தனித்திருக்கும் முதியோருக்கு உம்முடைய வார்த்தை தெளிவாய்ச் சென்றுசேர, எங்களைக் கருவிகளாக்கும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம். ஆமென்.