அடுத்தது எப்போது?

தொண்ணூறுகளின் தொடக்கம். சிறுபத்திரிகை ஒன்றில் என் முதல் கதை அச்சாகிப் பத்து நாளாகியும் ராஜபாளையத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. பஸ்ஸில் அரை மணி நேர தூரம்; 15 பைசா கார்டு இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்தது.

'தம்பி, பால்கோவாவுக்கு வைத்த பால் பொங்கி அடுப்பை அணைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கோவா கிண்டுகிறவன் பாலைப் பொங்க விடமாட்டான். அந்தக் கிழவி பேசுவது அசல். அடுத்தது எப்போது?'

இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார். காப்பி கொடுத்த கையோடு ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். முந்திரிக்கொட்டைத் தோடு எரிகிற அடுப்பு, அகன்ற இரும்புச் சட்டி. கிண்டுகிறவர் ஓரத்தில் ஒட்டிய பாலைச் சுரண்டிச் சுரண்டி நடுவில் தள்ளிக்கொண்டே இருந்தார்; கை ஒரு கணம் நிற்கவில்லை. வாத்தியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கஷ்டமாகியிருக்கும்.

திரும்பி வருகையில் ஆண்டாள் கோவில் கோபுரத்தைக் காட்டி, "எங்க ஊர்ப் பொண்ணு கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்குல 'ஆமுக்தமால்யதா'ன்னு காவியமாப் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது உங்க ஊர் ஜகந்நாத ராஜா. பொண்ணு ஹம்பிக்குப் போயி, 450 வருசத்துக்கு மேல கழிச்சு ராஜபாளையம் வழியா வீடு திரும்பியிருக்கு, பாத்தீங்களா" என்றார். மு.கு. ஜகந்நாத ராஜாவுக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கித் தந்த நூல் அது. என் ஊர்க்காரரைப் பற்றி நான் பக்கத்து ஊரில்தான் தெரிந்துகொண்டேன்.

எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் இப்படிக் கார்டு போட்டவர்தான். 2006இல் மறையும்வரை, பெயர் தெரியாத இளைஞர்களின் எழுத்தையெல்லாம் படித்துப் பதில் எழுதினார். எல்லாரையும் பாராட்டிவிடுகிறார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும். அனுப்பியதைக் கடைசி வரி வரை ஒரு மனுஷர் படித்தாரே! இப்போது என் செல்போனில் 'அருமை'யும் கும்பிடு பொம்மையும் நிமிஷத்துக்கு ஒன்று விழுகின்றன. நானும் அனுப்புகிறேன், சில சமயம் படிக்காமலே.

இரண்டாவது கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் வாத்தியாருக்குத் தபாலில் போட்டேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஐந்து இடத்தில் பென்சில் கோடு, ஒரு இடத்தில் 'இது வேண்டாமே'. மூன்றாம் பக்க ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நெய்க்கறை.