கோழிக்கு வாய்தா கிடையாது

பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழி நிறுவனம் ஒன்று 2022 தொடக்கத்தில் ஒரு பிரச்சினையோடு என்னிடம் வந்தது. பாகப்பிரிவினையும் கடன் வசூலுமாக ஓடிக்கொண்டிருந்த என் வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரும் அதுவரை கண்டிராத பிரச்சினை. நிறுவனத்தின் மொத்தக் கணக்கும் அவர்களுடையதுதான். ஆனால் அதைத் திறந்து பார்க்க அவர்களால் முடியவில்லை.

அந்தத் தொழிலின் நடைமுறையைச் சொன்னால்தான் இதன் கடுமை புரியும். நிறுவனம் ஒரு நாள் குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் பண்ணைக்குக் கொண்டுவந்து இறக்கும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு எல்லாம் விவசாயியுடையது. நாற்பது கிராம் இருக்கும் குஞ்சு நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தொடும். தினமும் எத்தனை குஞ்சு செத்தது, எத்தனை மூட்டை தீவனம் போனது என்று சூப்பர்வைசர் கைப்பேசியில் பதிவார். எந்தக் கொட்டகை எத்தனையாவது நாளில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அரவை மில்லில் வயதுக்கேற்ற தீவனத்தை லாரியில் ஏற்றுவார்கள்: பிரீ-ஸ்டார்ட்டரா, ஸ்டார்ட்டரா, ஃபினிஷரா என்று. கோழி பிடித்த பிறகு, தின்ற தீவனத்தை வளர்ந்த எடையால் வகுத்து வரும் எஃப்.சி.ஆர். எண்ணை வைத்து விவசாயியின் வளர்ப்புக் கூலி தீர்மானமாகும். அந்த எண் 1.6 ஆக இருப்பதற்கும் 1.8 ஆக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருமானத்தைப் புரட்டிப்போடும்.

இவ்வளவும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கிளவுட் சர்வரில் இருந்தது. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும் நேரத்தில் அவர்கள் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். என் கட்சிக்காரர் பழைய கட்டணத்தைக் கட்டிவிட்டு மீதியை மறுத்துக் கடிதம் எழுதினார். இரண்டு நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அதன்பின் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா சூப்பர்வைசர்களின் திரையிலும் சந்தா காலாவதியானது என்ற வரி மட்டும் நின்றது. தீவன லாரிகளை எந்தப் பண்ணைக்கு அனுப்புவது என்று மில்லில் உட்கார்ந்து ஒவ்வொரு விவசாயியாகப் போன் போட்டுக் கேட்டார்கள்.

ஒப்பந்தத்தைக் கேட்டேன். கணினித் திரையில் ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தி ஏற்ற அச்சுப்படிவம் அது. ஒரு பிரிவு, தரவு வாடிக்கையாளருக்கே சொந்தம் என்றது. இன்னொரு பிரிவு, பாக்கி இருந்தால் சேவையை நிறுத்தலாம் என்றது. மூன்றாவது பிரிவு, ஒப்பந்தம் முடிந்து முப்பது நாளில் தரவை அழித்துவிடலாம் என்றது. தகராறு வந்தால் சென்னையில் நடுவர் விசாரணை, அந்த நடுவரை நியமிப்பவர் மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். தகராறின் முடிவில் ஆதாயமுள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வரி எங்களைப் பயமுறுத்தவில்லை. முப்பது நாள் என்ற வரிதான் தூங்கவிடவில்லை. நடுவர் சட்டத்தின் 9ஆவது பிரிவில் இடைக்காலப் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமையானவர், அவர் வாதத்தில் நியாயமும் இருந்தது. தரவை நாங்கள் பிடித்துவைக்கவில்லை, சேவையைத்தான் நிறுத்தினோம்; பணம் கட்டாதவருக்கு யார் வேலை செய்வார்கள் என்று கேட்டார். என் பதில் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதாக இருந்தது. சேவையை நிறுத்த ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் என் கட்சிக்காரரின் பதிவுகளைப் பாக்கிக்கு ஈடாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது? பொதுவான பிடிப்புரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு வங்கியர், முகவர், படகுத்துறைக்காரர், உயர்நீதிமன்ற அட்டர்னி, காப்பீட்டுத் தரகர் ஆகியோருக்குத்தான் தருகிறது. மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும்.

அதோடு எங்கள் தொழிலையே தொட்ட ஒரு தீர்ப்பையும் வைத்தேன். ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்கறிஞர் தம் கட்டண பாக்கிக்காக வங்கியின் வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். ஆர்.டி. சக்சேனா வழக்கு அது. கட்டு கட்சிக்காரருடையது, கட்டணம் வேண்டுமானால் தனியாக வழக்குப் போடு, கட்டைக் கொடு என்று 2000இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. வழக்கறிஞருக்கே இல்லாத உரிமை மென்பொருள் விற்பவருக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை உண்டு.

நீதிபதி கேட்டது வேறு: இன்று கொட்டகைகளில் எத்தனை கோழி இருக்கிறது? சர்வரைத் திறக்க முடியாத நிலையில் இதற்கு எங்களிடம் ஒரே ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு கொட்டகையின் கதவுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, இறப்பு, தீவனம், எடை என்று கட்டம் போட்டது. சூப்பர்வைசர் கைப்பேசியில் ஏற்றுவதற்குமுன் விவசாயி அதில் எழுதிவைப்பார். மனுத் தயாரிப்பின்போது பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஐந்து பேட்ச் அட்டைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஓரங்களில் தவிடும் தண்ணீர்க்கறையும். ஒரு தேதியில் மட்டும் இறப்புக் கட்டத்தில் 61 என்று எழுதி, பக்கத்தில் "கரண்ட் இல்லை" என்று குறித்திருந்தார். "போன்ல என்ன ஏத்துனாங்களோ எனக்குத் தெரியாதுங்க வக்கீலய்யா. நான் எழுதுனது இது. இதுக்கு நான் எங்க வேணாலும் வந்து சொல்றேனுங்க" என்றார். அட்டைகளின் நகல்களை இணைத்துத்தான் கோழி எண்ணிக்கையைச் சொன்னோம். வாய்தா கேட்ட எதிர்த்தரப்பிடம், தீவனத்துக்கு வாய்தா உண்டா என்று நீதிபதி கேட்டார்.

தகராறிலிருந்த தொகையை நாங்கள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், அவர்கள் உடனே திறந்துவிட வேண்டும், முழுத் தரவின் நகலையும் தர வேண்டும் என்று உத்தரவானது. திறந்தார்கள். நகலும் வந்தது, ஒரு ஹார்ட் டிஸ்கில். அவர்களுடைய மென்பொருளைத் தவிர வேறு எதிலும் அதைப் படிக்க முடியவில்லை. மறுபடியும் மனு. எக்செலில் திறக்கக்கூடிய கோப்புகளாகவும், எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடும் தர வேண்டும் என்று இரண்டாவது உத்தரவு வாங்கிய பிறகுதான் தரவு உண்மையில் கைக்கு வந்தது. தரவைத் தருகிறோம் என்ற வாக்குறுதிக்கும் படிக்கக்கூடிய தரவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இதற்கிடையில் வேறொரு முனையில் இடித்தது. கோழி வாங்கிய வியாபாரி ஒருவர்மேல் நிறுவனம் போட்டிருந்த வசூல் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. விற்பனைப் பேரேடு மின்னணு ஆவணம். அதற்கு அன்றிருந்த சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி, கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. பொறுப்பில் இருப்பவரோ நாங்கள் வழக்காடிக்கொண்டிருந்த எதிரி. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் வழி காட்டியிருந்தது: சான்றிதழ் கேட்டும் தராவிட்டால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வரவழைக்கலாம். அப்படியே செய்தோம், பல மாதம் பிடித்தது. சொந்த சர்வராக இருந்திருந்தால் நிறுவனத்தின் கணக்கு மேலாளரே கையெழுத்திட்டிருப்பார். சொந்த சர்வருக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களிலேயே வலுவானது இதுதான், ஆனால் மென்பொருள் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

மூல வழக்கு சமரசத்தில் முடிந்தது. முடிந்த அன்றே நிறுவன உரிமையாளர் கேட்டார்: "இனி நம்ம ஆபீஸ்லயே சர்வர் வெச்சுக்கறதுதானுங்க நல்லது?" அந்த அனுபவத்துக்குப் பிறகு எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அலுவலகத்திலேயே வைத்தாலும் மென்பொருளின் உரிமச் சாவியும் ஆண்டுப் பராமரிப்பும் விற்றவர் கையில்தான். சாவி காலாவதியானால் அதே பூட்டு வீட்டுக்குள் இருந்து விழும். மின்வெட்டு, வைரஸ், திருட்டு எல்லாவற்றையும் நாமே சுமக்க வேண்டும். பின்னர், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல் வியாபார நிறுவனம் ஒன்று தன் கணக்கு முழுவதையும் இழந்துவிட்டு என்னிடம் வந்தது. சர்வர் தரைத்தளத்தில் இருந்தது, நகல் டிஸ்க் அதே அலமாரியில். காப்பீட்டுக் கோரிக்கைக்கு இருப்புக் கணக்கைக் காட்ட அவர்களிடம் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

பல்லடத்தார் கிளவுடிலேயே நீடித்தார்கள், வேறொரு நிறுவனத்தோடு. ஆனால் இம்முறை அச்சுப்படிவத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் இரவு முழுத் தரவும் படிக்கக்கூடிய வடிவில் பல்லடம் அலுவலகக் கணினிக்கு வர வேண்டும் என்று எழுதினோம். 2022 ஆகஸ்டில் கம்பெனிக் கணக்கு விதிகளும் மின்னணுக் கணக்கேடுகளின் நகல் தினந்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று திருத்தப்பட்டதால், இந்த வரிக்கு எதிர்ப்பே வரவில்லை. கொட்டகையில் கோழி இருக்கும்வரை, பாக்கித் தகராறு எதுவானாலும் சேவையை நிறுத்தக் கூடாது என்ற வரிக்குத்தான் பெரும் போராட்டம். அறுபது நாள் அவகாசம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு பேட்ச் முடிய அது போதும். நீதிமன்றச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவார் என்பதையும் பதவி குறிப்பிட்டு எழுதினோம். 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, பொறுப்பாளரோடு நிபுணரின் கையெழுத்தையும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. கையெழுத்திடுபவரைக் குறிப்பிடும் அந்த வரி இல்லாமல் இப்போது யாரும் ஒப்பந்தம் போடக் கூடாது என்பேன்.

கடைசியாக ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். பேட்ச் முடிந்ததும் குஞ்சு, இறப்பு, தீவனம், எடை, எஃப்.சி.ஆர். அடங்கிய கணக்கு அந்தந்த விவசாயியின் கைப்பேசிக்கும், கேட்டால் தாளிலும் போக வேண்டும். மென்பொருள் நிறுவனம் உடனே சரி என்றது. தயங்கியவர் என் கட்சிக்காரர்தான். கணக்கைக் காட்டினால் கேள்வி வரும் என்றார். மஞ்சள் பையில் வந்த அட்டைகள் இல்லாவிட்டால் நீதிபதியிடம் என்ன சொல்லியிருப்போம் என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "போட்டுருங்க" என்றார். அதற்கடுத்த பேட்சிலேயே மூன்று விவசாயிகள் தங்கள் அட்டையோடு கணக்கை ஒப்பிட்டுத் தீவன மூட்டைக் கணக்கில் பிழை காட்டினார்கள். நிறுவனம் திருத்திப் பணம் கொடுத்தது.