பூட்டும் பேரும்

என் வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரில் முருகன் படத்துக்குக் கீழே அருப்புக்கோட்டை அரிசி மண்டி ஒன்றின் பெயர் இருக்கிறது. எதிர் வீட்டிலும் அதே முருகன், அதே வேல், அதே மயில். அடியில் மட்டும் மதுரை நகைக்கடைப் பெயர். எங்கள் காரியாபட்டியில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். சிவகாசி அச்சாபீசில் 34 வருஷம் ஆப்செட் மிஷினில் நின்றவன் நான். படத்தை மொத்தமாக ஓட்டி அடுக்கி வைத்துவிடுவோம். ஆடிப்பெருக்கன்று புது வருஷத்து ஆல்பம் வெளியே வரும். அதைப் பார்த்து ஆர்டர் வர வர, அட்டையின் அடியில் விட்டிருக்கும் வெற்றிடத்தில் கடைப்பெயரை அடித்துக் கொடுப்போம். சாமி ஒன்றுதான், பேர்தான் ஆயிரம்.

போன சித்திரையில் அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி மகன், தான் வைத்திருந்த போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல போன். ஆன் செய்தால் முதலில் அந்த ஊர் செல்போன் கம்பெனியின் பெயரும் சின்னமும் திரை முழுக்க வந்து நிற்கும். உள்ளே அவர்கள் ஏற்றிவிட்ட ஆப்கள் ஏழெட்டு. கல்லூரியில் படிக்கும் என் பேரனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“சித்தப்பா காசு குடுத்து வாங்குனதுதானே தாத்தா? இன்னும் எதுக்கு அவன் பேரு? சாஃப்ட்வேர் அடிச்சு எடுத்திரலாம்.”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை அவன் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டான். பூட்டு வேறு, பேர் வேறு.

பூட்டு என்பது, அந்தக் கம்பெனி சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காதபடி போனைக் கட்டி வைப்பது. அமெரிக்காவில் போனைத் தவணையில் கொடுப்பார்கள். பெரும்பாலும் பணம் கட்டி முடியும்வரை பூட்டும் இருக்கும். தவணை முடிந்தவர் பூட்டைத் திறந்துகொள்வது குற்றமில்லை என்று 2014 ஆகஸ்டில் அங்கே சட்டமே போட்டார்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டைத் திறக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து கம்பெனிகள் பூட்டிய போனை விற்கவே கூடாது. தம்பி மகன் தவணையெல்லாம் கட்டி முடித்திருந்ததால், கேட்டவுடனே திறந்து கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் சிம்மைப் போட்டேன், எடுத்துக்கொண்டது.

பூட்டு நமக்கும் புதிதல்ல. 2003இல் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்று ரிலையன்ஸ் அறிவித்தபோது ஊரே திரண்டது. அந்த சிடிஎம்ஏ போனில் சிம் கார்டு செருக இடமே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே குடியிருந்தது. கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போனையும் சேர்த்துத்தான் விட வேண்டும். 2017இல் 1500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோனும் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்றது. நான் இதைத் திட்டமாட்டேன். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் முதல் போன் அப்படித்தான் வந்தது. முழு விலை கொடுக்க முடியாதவனுக்குப் பூட்டோடு கிடைத்த போனும் போன்தான். ஆனால் அந்தப் பூட்டுக்கு என்ன விலை என்பது வாங்கும் அன்று தெரியாது. விட்டுப் போக நினைக்கும் அன்றுதான் தெரியும்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனதே, நினைவிருக்கிறதா? 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி, நம் ஜனங்கள் சொந்தக் கம்பெனிபோல் நினைத்திருந்தது அது. ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு போன் ஊமையாகிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாற 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, மாறுவதற்கான கோட் நம்பர் வருமா வருமா என்று காத்துக் கிடந்தார்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்திருந்ததால் தப்பித்தோம். போன் பூட்டில்லாமல் இருந்தவர்கள் சிம்மை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு பழையபடி பேசினார்கள். பூட்டை எடுக்கத்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பணம் கட்டி முடித்த பொருள், நாம் நினைத்த கடைக்குப் போக நம்மை விட வேண்டும்.

பேர் கதை வேறு. காலண்டரில் அரிசி மண்டியின் பேர் இருப்பதால் நான் வேறு கடையில் அரிசி வாங்கக் கூடாது என்று அந்த முருகன் வந்து தடுப்பதில்லையே. என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் தாய்மாமன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. 40 வருஷமாக அதில்தான் தண்ணீர் எடுக்கிறோம். அரம் வைத்துத் தேய்க்க யாருக்கும் தோன்றியதில்லை. தேய்த்தால் குடம்தான் மெலியும்.

நான் ஒரு முறை தேய்த்துப் பார்த்தவன். பட்டன் போன் காலம் அது. வேறொரு கம்பெனி பேர் போட்ட போன் ஒன்று கைமாறி என்னிடம் வந்தது. திறக்கும்போதெல்லாம் அந்தப் பேரும் ஒரு மணிச் சத்தமும் வரும். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். மறுநாள் பேரில்லாமல் வந்தது. கூடவே, போன் மெமரியில் நான் வைத்திருந்த நம்பர்கள் அத்தனையும் போயிருந்தன. சிம்மில் இருந்தவை மட்டும் மிச்சம். என்னோடு மிஷினில் நின்றவர்கள், பிளேட் போட்டவர்கள், பேப்பர் லாரி ஓட்டியவர்கள் என்று பாதிப் பேர் அன்றோடு போனார்கள். ஒரு சிலர் பிறகு கல்யாண வீடுகளில் அகப்பட்டார்கள். மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. சிவகாசிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை பேரனைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடைக்கே போனேன். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இந்த மாடலுக்குன்னே உள்ள சாஃப்ட்வேர்தான் ஏத்தணும். மாறிப்போச்சுன்னா டெட். பாதியில கேபிள் ஆடிருச்சுன்னாலும் டெட். உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும். கால் ஒழுங்கா போகுதா, சொல்லுங்க?”

போகிறது என்றேன். சில வெளிநாட்டு கம்பெனி போன்களில் அவர்கள் சாஃப்ட்வேர் இருக்கும்வரை நம் ஊர் 4ஜி கால் போகாதாம். அப்படிப்பட்ட போன் என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு, இதில் எதற்கு என்றான். தேவையில்லாத ஆப்களை மட்டும் செட்டிங்ஸில் போய் நிறுத்திக் கொடுத்தான். அதற்குக் காசும் வாங்கவில்லை. இன்னொன்றும் சொன்னான்: எந்தக் கடையில் கொடுத்தாலும் கொடுக்கும்முன் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதே எண் இருக்கிறதா பாருங்கள் என்று. அந்த எண்ணைத் திருத்துவது குற்றம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்று வருஷம் வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. திரையில் வரும் பேரை மாற்றலாம். ஐஎம்இஐ போனின் பிறவி அடையாளம், அதில் கை வைக்கக் கூடாது. தொழில் தெரிந்த பையன், வரும்படியை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னானே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பேரனுக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “போன் உனக்குத்தான் வரப்போகுது. பேரை எடுக்கணும்னா நீயே எடு. நான் தடுக்கல. அதுக்கு முன்னால இதுல இருக்கிற நம்பரை எல்லாம் ஒரு நோட்டுல எழுது.”

‘கம்ப்யூட்டர்லயே ஏத்திரலாமே’ என்றான். ஏற்று, நோட்டிலும் எழுது என்றேன். காலண்டருக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். இரண்டு பக்கம் தாண்டியிருக்கும். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“தாத்தா, ‘கட்டிங் மிஷின்’னு போட்டிருக்கீங்களே, இது யாரு?”

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.