அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தவன்

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிற ஆசிரியர். சாதாரணச் சளியைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரைனோ வைரஸ், வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன். அதே நான், கோடையில் சளி பிடித்தால் மறுநாளே மருந்துக் கடைக்குப் போய், சீட்டு எதுவும் இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன். நான் மட்டும் விழுங்கியிருந்தால் இதை எழுதத் துணிந்திருப்பேனா தெரியாது. என் அம்மாவுக்கும் கொடுத்தேன்.

எங்களுக்குத் திருச்சி. ஏப்ரல் வந்தால் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய அறைகளில் நாள் முழுக்க நெருங்கி உட்கார்ந்திருப்போம். ஒருவருக்குச் சளி வந்தால் அந்த வாரமே பலருக்கு வந்துவிடும். "ஐஸ் தண்ணி குடிச்சிருப்ப, ஈரத் தலையோட படுத்திருப்ப" என்பார் அம்மா. ஐஸ் தண்ணீருக்குள் வைரஸ் உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்தவர் மூச்சிலிருந்தும், தொட்ட கையை மூக்குக்கும் கண்ணுக்கும் கொண்டுபோவதாலும் அது வருகிறது. கையிலும் பொருள்களிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கவும் செய்யும். இதெல்லாம் தெரிந்தும், மூக்கைத் துடைத்த கையாலேயே விடைத்தாளைப் புரட்டினேன். அந்தக் கட்டு என்னிடமிருந்து கூர்ந்தாய்வு அலுவலருக்கும், அவரிடமிருந்து முதன்மைத் தேர்வாளருக்கும் போகும். முகாமில் விடுப்பு தரமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் கேட்டதே இல்லை.

கடைக்காரர் பழக்கமானவர். "வழக்கமானதா சார்?" என்பார். அஸித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை அட்டை. அதில் கேட்கவில்லையென்றால் செஃபிக்ஸிம். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அதைப் பற்றிப் பிரசாரமே நடத்தியது. வகுப்பில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி நான் விளக்கியிருக்கிறேன். சளி முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகத் தணியும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். தானாகத் தணிந்த சளிக்கு என் வீட்டில் மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டது. கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுவேன். மிச்சம் ஃபிரிட்ஜின் மேல் டப்பாவில் கிடக்கும்.

என்னிடமிருந்து சளி அம்மாவுக்குப் போகும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்த மிச்சத்தை எடுத்துக் கொடுப்பேன். ஒருமுறை கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்: "டாக்டர்ட்ட கேட்டியாப்பா?"

"நான் பயாலஜி வாத்தியார்மா. எனக்குத் தெரியாதா?"

இதைச் சொன்னது நான்தான். எந்தப் படிப்பு என்னைத் தடுத்திருக்க வேண்டுமோ, அதையே காட்டி அம்மாவின் வாயை அடைத்தேன்.

பிறகு ஒரு கத்திரி வெயிலில் அம்மாவுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது, சிறுநீர் போகும்போது எரிச்சல். அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று கோடையிலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். "சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார். செஃபிக்ஸிம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "இல்ல டாக்டர், பாராசிட்டமால் மட்டும்தான்" என்றேன். அம்மா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் போட்ட ஊசி வேலை செய்யவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. கல்ச்சர் முடிவு வந்தது. ஈ கோலை பாக்டீரியா. எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியலில் செஃபிக்ஸிம் குடும்பத்து மருந்துகளுக்கு நேரே வரிசையாக 'ஆர்', எதிர்ப்பு உண்டு என்று. வேறு ஊசிக்கு மாற்றினார்கள், பிழைத்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மறுபரிசோதனைக்குப் போனபோதுதான் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா கல்ச்சருக்குக் காத்திருக்காம முதல்லயே இந்த ஊசியைப் போட்டிருப்போம்" என்றார். அந்த இரண்டு நாள் காய்ச்சல் முழுக்க என் கணக்கு.

நான் கொடுத்த மாத்திரையால்தான் அந்தக் கிருமி அப்படி ஆனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எதிர்ப்புப் பெற்ற ஈ கோலை நம் ஊரில் தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் உடம்புக்குள் வரக்கூடியதுதான். ஆனால் அந்த ஐயத்துக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு மனமில்லை. சளிக்கென்று விழுங்கும் ஆன்டிபயாடிக் சளி வைரஸைத் தொடாமல் குடலுக்குப் போகிறது. அங்கே கட்டுப்படும் பாக்டீரியாக்கள் சாகின்றன, கட்டுப்படாதவை அந்த இடத்தில் பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார் அவர். எதிர்ப்புப் பெற்ற கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து கேட்காமல் மனைவி இறக்கிறார். அந்தச் சாவுக்கு முதல் பொறுப்பு கணவர்தான் என்றார் ஃபிளெமிங். இதையும் நான் வகுப்பில் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வெளியிலிருந்து வந்ததும் முதல் வேலை சோப்புப் போட்டுக் கைகழுவுவது. சளி என்றால் தனித் துண்டு, தனி அறை, முகக்கவசம். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன், மோர் குடிப்பேன், தூங்குவேன். சளியை இவை விரட்டாது, இருக்கிற நாளைத் தாங்க உதவும். அம்மாவின் சொம்பில் தண்ணீர் குறைகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ, தணிந்த சளி மறுபடி முற்றினாலோ டாக்டரிடம் போவது என்று வைத்திருக்கிறோம். ஃபிரிட்ஜின் மேலிருந்த டப்பா இல்லை.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, கேட்டு வாங்கியவன் நான். ஆசிரியர் அறையில் எத்தனையோ பேருக்கு இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். 'விலங்கியல் சாரே சொல்லிட்டார்' என்று நம்பி வாங்கினார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நடந்ததைச் சொல்லி வருகிறேன். "விடுங்க சார், எல்லாரும் பண்றதுதானே" என்கிறார்கள் சிலர். அவர்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார்கள். அதனால் மறுபடியும் சொல்கிறேன்.