இரண்டு மழைக்கும் அசையாத கட்டை

குலசேகரம் வட்டாரத்தில் மர மில்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. பால் வற்றிய ரப்பர் மரங்களை ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் பின்னாலேயே போனால் போதும். அப்படி ஒரு மில்லின் பின்புறம், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே இருக்கிறது நான் பார்க்கப் போன பட்டறை. ஆசாரி கதவும் கட்டிலும் செய்கிறவர். இடையிடையே ஏர் ரைபிளின் மரப்பிடியான கட்டையும் செய்கிறார். கம்பெனிக் கட்டை பிடிக்கும் இடத்தில் முறிந்துபோனவர்கள் வருகிறார்கள். தோளுக்குச் சரியாக அமையவில்லை என்பவர்களும் வருகிறார்கள். நண்பர் ஒருவரின் துப்பாக்கி அன்று அவர் மேசைமேல் கிடந்தது. கட்டை கழற்றிய பிறகு மிச்சமிருப்பது ஓர் இரும்புக் குழாயும் விசையும்தான்.

"லைசென்ஸ் துப்பாக்கின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன் தம்பி" என்றார் முதலிலேயே. அது சரிதான். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்காமல் விடுவது .177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கியைத்தான். நண்பருடையது அந்த வகை. ஜெர்மனியின் டயானா 35-ஐப் பார்த்து இந்தியாவில் பலர் செய்த, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம்.

மரத்தைப் பார்க்கலாம் என்று மில்லுக்குள் கூட்டிப்போனார். வாசலிலேயே ரப்பர்ப் பலகை அடுக்கடுக்காகக் கிடந்தது. விலை குறைவு, வெட்டவும் எளிது. ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் விடாது. அதைத் தாண்டி நடந்தோம். ஈட்டியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். திருவிதாங்கூர்க் காலத்தில் தேக்கும் ஈட்டியும் ராஜமரங்கள். சொந்தப் புரயிடத்தில் முளைத்தாலும் அரசுக்குச் சேர்ந்தவை. 1956-இல் குமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1994-இல் ஈட்டியைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஈட்டி கனமான மரம். நின்றுகொண்டு குறிபார்க்கிறவனின் இடது கை கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடும்.

அவர் போய் நின்றது மூலையில் கிடந்த பழைய உத்தரங்களுக்கு முன்னால். நாஞ்சில் நாட்டில் ஓட்டு வீடுகளைப் பிரித்து கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள். பிரித்த பலா, அயினி, தேக்குத் தடிகள் இங்கே வந்து சேர்கின்றன. "எழுபது வருசம் அடுப்புப் புகையும் காத்தும் பட்டு அடங்கின தடி. இனிமே அது எங்க போவும்?" என்றார். பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் இன்னும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு மிகையாகத் தோன்றாது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சை மரம் கோணுவது அதனால்தான். திறந்த வெளியில் காய வைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. கட்டைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டும். அதோடு, குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மரம் காய்ந்து முடிப்பதற்குள் மறுபடி ஈரம் குடிக்கிறது. அதனால் பழைய தடியானாலும் ஆசாரி அறுத்த துண்டுகளைத் தராசில் வைத்து எடையைச் சுண்ணாம்புக்கட்டியால் அதன்மேலேயே எழுதிவைக்கிறார். அடுத்தடுத்து நிறுத்துப் பார்த்தும் எடை குறையாமல் நின்ற பிறகுதான் உளி தொடுகிறது.

ஒரு பலாத் தடியைத் தேர்ந்தெடுத்து, ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவினார். முனையில் கீறல் ஓடிய பாகத்தை ஒதுக்கினார். வெளிறிய வெள்ளையைத் தள்ளி வைரத்தில் மட்டும் அட்டை வார்ப்புருவை வைத்தார். பார்க்க அழகான வரி, கணுவை ஒட்டிச் சுழித்தோடியது. வார்ப்புருவை அங்கே வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் மெலிந்த இடம்தான் கழுத்து. அங்கே நார் குறுக்கே ஓடினால் கீழே விழுந்த மாத்திரத்தில் பிளந்துவிடும். "கழுத்துல நார் நேரா ஓடணும். அழகு வேணும்னா பின்னால தோள்ல வைக்கிற பக்கம் இருந்துட்டுப் போவட்டும்."

வேலையின் நுணுக்கம் இரும்பை மரத்தில் இருத்துவதில் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கு என்ன பெரிய உதை என்று நினைக்கலாம். ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கிறது. ஒவ்வொரு சுடுதலுக்கும் இரண்டு திசையில் குலுக்கல். பக்கவாட்டுத் திருகாணிகள் தளர்வதும், அவற்றின் தலைக்குக் கீழே மரம் நசுங்குவதும் இதனால்தான். போர்த்துப்பாக்கிகளின் கட்டையும் உதைக்குத் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, .303 லீ-என்ஃபீல்டுக்கு வால்நட்டை விட்டு உள்நாட்டு மரங்களுக்கு மாறியபின், இரும்பு உதைக்கும் இடத்தில் செப்புத் தகடு பதித்தது. நம் இச்சாப்பூர் தொழிற்சாலை, முன்கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டது.

ஆசாரி விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழாயின் அடியில் பூசினார். எடை நின்று முன்பே செதுக்கியிருந்த ஒரு கட்டையில் தோண்டிய பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். திரும்பப் பூசி, திரும்ப வைத்து, திரும்பச் சீவல். பள்ளம் முழுக்கச் சீராகக் கரி படியும்வரை இது நடந்தது, பேச்சு நின்றுபோயிற்று.

பிறகு திருகாணித் துளைகளைப் பெரிதாக்கிப் பித்தளைக் குழாய்த் துண்டுகளை நிறுத்தினார். இனி திருகாணியின் இறுக்கம் மரத்தின்மேல் விழாது, பித்தளையின்மேல் விழும். மிச்சமிருந்த மயிரிழை இடைவெளிக்கு அரால்டைட். அதற்கு முன் இரும்பு முழுக்க மெழுகு பூசினார். திறப்புகளைக் களிமண்ணால் அடைத்தார். இதில் அசட்டையாக இருந்தால் பசை இறுகியபின் துப்பாக்கியும் கட்டையும் பிரியாது. தேக்காக இருந்தால் அதன் எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைத்துவிட்டுத்தான் பசை வைக்க வேண்டும்.

அன்று ஒட்டியது மறுநாள்தான் இறுகும். ஏற்கெனவே பசை இறுகியிருந்த வேறொரு கட்டையை எடுத்துச் சோதனையைக் காட்டினார். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே என் விரலை வைக்கச் சொல்லி, ஒரு திருகாணியை மெல்லத் தளர்த்தினார். விரலுக்கு எதுவும் தெரியவில்லை. தளர்த்தும்போது குழாய் துள்ளி எழுந்தால், திருகாணி அதை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கட்டையைத் திரும்பவும் சீவ வேண்டும்.

பிறகு சோதனையில் தேறிய அந்தத் துப்பாக்கியால் என்னைச் சுடச் சொன்னார். மண்மூட்டை அடுக்கிய சுவருக்கு முன்னால், பத்து மீட்டரில் காகிதம். இறுக்கிப் பிடித்துச் சுட்டவை சிதறின; முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட்டவை நெருங்கி விழுந்தன. ஸ்பிரிங் துப்பாக்கியின் சுபாவம் அது. நல்ல கட்டையும் அதை மாற்றாது.

கடைசியாக ஆளிவிதை எண்ணெயை எடுத்தார். வெளிப்புறத்தை விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாத உட்பள்ளத்துக்கும் பின்முனைக்கும் முதலில் தேய்த்தார். பலர் வெளியே பளபளப்பேற்றிவிட்டு உள்ளே பச்சையாக விட்டுவிடுகிறார்கள். மழை ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது, பள்ளம் கோணுகிறது, குறி தப்புகிறது.

கட்டை வாங்கப் போகிறவர்கள் வரியையும் நிறத்தையும் கடைசியில் பார்க்கலாம். எடை நின்றுவிட்டதா, கழுத்தில் நார் எப்படி ஓடுகிறது, உள்ளே எண்ணெய் ஏறியிருக்கிறதா, திருகாணியைத் தளர்த்தினால் இரும்பு துள்ளுகிறதா என்று முதலில் கேளுங்கள். நான்குக்கும் பதில் சரியாக இருந்தால் முன்பணம் கொடுங்கள். இரண்டு மழையும் கழிந்தபின் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்கிறார் ஆசாரி. அதற்குத் தனிக்கூலி வாங்குவதில்லை.