அந்தச் சீன ரப்பர்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்குப் பத்து வயது. காபி வருவதற்குள் கேட்டுவிட்டான்: "தாத்தா, என் பேட்டுக்கு ஹரிகேன் 3 ஒட்டலாமா? மா லாங் அதான் வச்சிருக்கார்."

மா லாங் 2016 ரியோவிலும் அடுத்து டோக்கியோவிலும் ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஃபோர்ஹேண்டில் அவர் வைத்திருந்தது அந்தச் சீன ரப்பர்தான். பையன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேட்டில் ஒட்டும் ரப்பரில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே ரப்பர், அடியில் ஸ்பாஞ்ச். பசையையும் சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இந்தச் சீன வகையில் மேல் ரப்பர் பிசுபிசுவென்று இருக்கும். பந்தை அழுத்திவிட்டுப் பேட்டைக் கவிழ்த்தால் சில நொடி விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் உரசி அடிக்கும்போது பந்து பயங்கரமாகச் சுழலும். ஸ்பாஞ்சோ கெட்டி. மென்மையான ஸ்பாஞ்சில் பந்து லேசாகப் பட்டாலே உள்ளே அமுங்கி, ஸ்பாஞ்சே அதைத் தள்ளிவிடும். கெட்டி ஸ்பாஞ்ச் அப்படித் தள்ளாது. மெதுவாகத் தொட்டால் பந்து வலைக்குப் பக்கத்திலேயே செத்து விழும். இடுப்பைத் திருப்பி, முழுக்கையையும் வீசி அடித்தால்தான் அது தன் பலத்தைக் காட்டும். அடித்து ஆடுகிறவர்கள் அதை விரும்புவது இதனால்தான்.

இனி என் கதை. 2004-இல் இவள் ஒன்பதாம் வகுப்பு. மேஜையை ஒட்டி நின்று, சின்னச் சின்ன வீச்சில் பந்தைத் தட்டித் திருப்புவதில் கெட்டிக்காரி. எதிரே நிற்பவர்கள் திணறிப்போவார்கள். எனக்கு அது போதவில்லை. அடித்து ஆட வேண்டும் என்று ஆசை. சென்னைக்குப் போனபோது பெரியமேட்டில் என் கைக்காசில் ஒரு கெட்டியான சீன ரப்பர் வாங்கி வந்து, மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நானே ஒட்டிக் கொடுத்தேன்.

அவளுடைய சின்ன வீச்சுக்கு அந்த ரப்பர் அசையவே இல்லை. வழக்கமாகப் போகும் பந்தெல்லாம் வலையில் விழுந்தது. "சார், கை சரியா வரல"ன்னு இரண்டு முறை சொன்னாள். "பிராக்டிஸ் போதலை" என்றேன். முதல் சுற்றிலேயே தோற்றாள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று டீமுக்கு வரவில்லை. நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

பையனிடம் இப்போது சொன்னது இதுதான். முதலில் முழுக்கை வீச்சில் இருபது டாப்ஸ்பின் தொடர்ந்து மேஜையில் போடு, ஒவ்வொரு அடிக்கும் பிறகு பழைய நிலைக்குத் திரும்பி நில். அது வந்தபிறகு ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் ஒட்டலாம். பேக்ஹேண்டில் வீச்சு சிறியது, அங்கே மென்மையானதே இருக்கட்டும். 41 டிகிரி வேண்டாம், 39 போதும். ஒரு கம்பெனியின் டிகிரி இன்னொன்றோடு ஒத்துப்போகாது. சீன 39, ஜெர்மன் ரப்பரில் 45 என்று போட்டிருப்பதைவிடக் கெட்டியாக இருக்கும். கார்பன் பேட் இப்போதைக்கு வேண்டாம், ஐந்தடுக்கு மரமே போதும். ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டி வை. தூசி படிந்தால் பிசுபிசுப்பு போய்விடும். எண்ணெய் தடவி ஸ்பாஞ்சை ஊற வைக்கச் சொல்வார்கள், அது விதிப்படி குற்றம்.

பிறகு அவன் அம்மாவிடம், "அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்மா" என்றேன். இருபது வருஷம் தாமதம்.

"ஐயோ சார், நான் நிஜமாவே பரீட்சைக்காகத்தான் நிறுத்தினேன்" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, உண்மையா, தெரியவில்லை. கிளம்பும்போது, "அந்த பேட் இன்னும் வீட்ல இருக்கு சார், ரப்பர் காஞ்சு போச்சு" என்றாள்.

இதைப் படிக்கும் மாணவர்களே, "கை சரியா வரல சார்" என்று நீங்கள் சொல்லி, நான் காதில் வாங்காமல் போனது வேறு எதுவும் இருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.